கிளிப் ஸ்டுடியோ பெயின்ட் ஈ.எக்ஸ்: காமிக்ஸ் வரைந்து சம்பாதிப்பவன் ஆறு வருடம் பயன்படுத்திய பிறகு

இந்த மாதத்தில் மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள், காமிக்ஸ் வரைய எந்த மென்பொருள் வாங்கலாம், கிளிப் ஸ்டுடியோ உண்மையிலேயே நல்லதா, அதன் இரண்டு பதிப்புகளில் சின்னதான ப்ரோ போதுமா இல்லை பெரியதான ஈ.எக்ஸ்தான் வேண்டுமா என்று. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுத நேரமில்லை, இந்த வாரத்துக்குள் எட்டுப் பக்கம் இங்க் செய்து அனுப்ப வேண்டியிருக்கிறது, அதனால் எனக்குத் தெரிந்ததை எல்லாம் இங்கேயே எழுதிவிடுகிறேன். முடிவை முதலிலேயே சொல்கிறேன். தொடர்ந்து பல பக்கக் கதைகள் வரைகிறீர்கள், அதில்தான் வருமானம் என்றால் ஈ.எக்ஸ் வாங்குங்கள், தயங்க வேண்டாம். அட்டைப்படம், ஒற்றைப் படம், நாலு கட்டத் துணுக்கு என்றால் ப்ரோவே தாராளம்.

நான் மதுரையில் இருக்கிறேன். எட்டு வருடமாக முழுநேரமும் இதே வேலை. பெரும்பாலும் வெளிநாட்டில் சொந்தமாகப் புத்தகம் போடுகிறவர்களுக்கு வரைகிறேன், இடையில் தமிழ்ச் சிறுவர் பத்திரிகைக்கு மாதம் நாலைந்து பக்கம். சம்பளம் கிடையாது, பக்கத்துக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்வதுதான். ஒரு பக்கத்தை எட்டு மணி நேரத்தில் முடித்தாலும் பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்து முடித்தாலும் கைக்கு வரும் பணம் ஒன்றுதான். அதனால் ஒரு மென்பொருளைப் பற்றி நான் கேட்கும் கேள்வி இதுதான்: பக்கத்துக்கு எவ்வளவு நேரம் மிச்சம்? எனக்குச் சராசரியாக இரண்டு மணி நேரம் மிச்சமாகிறது. 22 பக்கப் புத்தகம் ஒன்றுக்கு 44 மணி நேரம். கிட்டத்தட்ட ஒரு வார உழைப்பு.

முன்பு எப்படி வரைந்தேன் என்று சொன்னால்தான் இது புரியும். 11க்கு 17 அங்குல அட்டையில் பென்சில், அதன்மேல் தொட்டு எழுதும் பேனாவும் இந்தியன் இங்கும். என்னிடம் இருந்தது ஏ4 ஸ்கேனர், ஆக ஒரு பக்கத்தைத் துண்டு துண்டாக ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டரில் ஒட்டவைத்து, ஒட்டிய இடத்தில் கோடு விலகாமல் சரிசெய்து, தூசிப் புள்ளிகளை அழித்து... இதற்கே பக்கத்துக்கு முக்கால் மணி நேரம் போகும். ஐப்பசி மழையில் இங்க் காயாது. கைபட்டு இழுவிய ஒரு பக்கத்தை முழுசாக மறுபடி வரைந்திருக்கிறேன். காகிதத்தில் வரையும் சுகம் தனிதான், இன்றைக்கும் எனக்காக வரைவதெல்லாம் காகிதத்தில்தான், ஆனால் தேதி குறித்து வாங்கிய வேலைக்கு அது கட்டுப்படியாகவில்லை.

கிளிப் ஸ்டுடியோ பெயின்ட் ஜப்பானின் செல்சிஸ் நிறுவனத்துடையது, 2012இல் வந்தது. அதற்கு முன்பு அவர்கள் செய்த காமிக் ஸ்டுடியோ ஆங்கிலத்தில் மங்கா ஸ்டுடியோ என்ற பெயரில் விற்றது, பழைய ஆட்களுக்கு அந்தப் பெயர்தான் வாயில் வரும். காமிக்ஸ் வரைகிறவர்களை மனதில் வைத்தே இதைச் செய்திருக்கிறார்கள், அது ஒவ்வொரு இடத்திலும் தெரியும். கட்டம் போடுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பெரிய சட்டம் போட்டு, பிரிக்கும் கருவியால் குறுக்கே ஒரு கோடு இழுத்தால் அது இரண்டு கட்டமாகப் பிரிந்து, நடுவில் நாம் சொல்லிவைத்த இடைவெளியையும் விட்டுவிடும். ஒரு கட்டத்துக்குள் வரைந்தது அடுத்த கட்டத்துக்குள் வழியாது. ஆறு கட்டப் பக்கம் ஒரே நிமிடத்தில் தயார். ஃபோட்டோஷாப்பில் இதையே லேயர் மாஸ்க் (லேயர் என்றால் படத்தின் ஒரு அடுக்கு, மாஸ்க் அதில் வேண்டாத இடத்தை மறைப்பது) போட்டுப் போட்டுச் செய்த காலம் எனக்கு நினைவிருக்கிறது.

சரி, என்னை இதில் கட்டிப்போட்டது எதுவென்று கேட்டால் வெக்டர் அழிப்பான், அதாவது ஒரு கோட்டை இன்னொரு கோடு வெட்டும் இடம் வரை மட்டும் அழிக்கத் தெரிந்த கருவி. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் புதிதாக வாங்குகிறவர்களில் பாதிப் பேர் இதைத் தொடாமலே வருடக்கணக்கில் ஓட்டுகிறார்கள். எங்கள் தெருவை வரைவதாக வைத்துக்கொள்ளுங்கள். மின்கம்பத்திலிருந்து பதினைந்து கம்பி கிளம்பி இந்த வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் போகிறது, நடுவே வேப்பமரக் கிளை, தூரத்தில் கோபுரம், முன்னால் ஒரு ஆள் நிற்கிறான். ஒவ்வொரு கம்பியும் அவன் தலை இருக்கும் இடத்தில் நின்று, மறுபக்கம் அதே வளைவில் தொடர வேண்டும். கையால் நிறுத்தி நிறுத்தி வரைந்தால் வளைவு உடைந்துவிடும், பார்க்கிறவருக்கு ஏன் என்று சொல்லத் தெரியாவிட்டாலும் ஏதோ சரியில்லை என்று பட்டுவிடும். வெக்டர் லேயரில் (கோட்டைப் புள்ளிகளாக இல்லாமல் கோடாகவே நினைவில் வைக்கும் அடுக்கு) கம்பியைத் தலைக்குக் குறுக்கே ஒரே மூச்சில் இழுத்துவிடலாம். அப்புறம் அழிப்பானில் ‘வெட்டும் புள்ளி வரை’ என்ற தேர்வைப் போட்டு, தலைக்குள் இருக்கும் துண்டை ஒரு தொடு தொட்டால், தலைக்கோட்டில் கச்சிதமாக நின்று அந்தத் துண்டு மட்டும் போய்விடும். பதினைந்து கம்பி, பதினைந்து தொடல். கூந்தல், ஜன்னல் கம்பி, மாட்டுவண்டிச் சக்கரத்தின் ஆரங்கள், ஆலமர விழுது என்று கோடும் கோடும் வெட்டிக்கொள்கிற எல்லா இடத்திலும் இதே கதைதான். என்னுடைய இரண்டு மணி நேரத்தில் பாதி இங்கேதான் மிச்சமாகிறது.

மீதியில் பெரும்பங்கு பெர்ஸ்பெக்டிவ் ஸ்கேலுக்குப் போகும். மறையும் புள்ளிகளை, அதாவது தூரத்தில் கோடுகள் ஒன்றுசேர்வதாகத் தெரியும் இடங்களை, ஒரு தடவை வைத்துவிட்டால் போதும், இழுக்கும் கோடெல்லாம் அந்தப் புள்ளிக்குத் தானாகவே ஓடும். மொட்டைமாடியிலிருந்து கீழே தெருவைப் பார்க்கிற மாதிரி ஒரு கட்டம் கேட்டால் முன்பெல்லாம் மேசைக்கு வெளியே, பக்கத்துச் சுவரில் ஆணி அடித்து நூல் கட்டி வரைந்தேன். இப்போது அப்படிப்பட்ட கட்டத்துக்குப் பயப்படுவதே இல்லை. ஒரே ஒரு எச்சரிக்கை. எல்லாக் கோட்டையும் ஸ்கேலில் ஒட்டவைத்தே இழுத்தால் நம்ம ஊர் வீடு கட்டட வரைபடம் போல ஆகிவிடும். பெரிய கோடுகளை மட்டும் அதில் இழுத்துவிட்டு, ஓட்டுக்கூரையும் திண்ணையும் காரை பெயர்ந்த சுவரும் வெறுங்கையால் வரையுங்கள்.

பார்த்து வரைவதற்காக இதற்குள்ளேயே இருக்கும் முப்பரிமாணப் பொம்மைகளைப் பற்றிக் கேட்காதவர் இல்லை. உயரம், பருமன் எல்லாம் மாற்றி, கை காலை மடக்கி, எந்தக் கோணத்திலிருந்து வேண்டுமானாலும் திருப்பிப் பார்க்கலாம். அண்ணன் மகள் ஒரு நாள் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, “சித்தப்பா, இந்த அண்ணன் ஏன் கீழே விழப்போற மாதிரியே நிக்கிறாங்க?” என்று கேட்டாள். ஆறு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்துவிட்டது! அதில் எடை கிடையாது. குடத்தை இடுப்பில் வைத்து நிற்கிற பெண்ணின் உடம்பு ஒரு பக்கம் சாயும், மறுகை தானாக விலகும், அது பொம்மையிடம் வராது. கையின் விரல் மடிப்பு, தலைக்கு மேலிருந்து பார்க்கும் கோணம், கூட்டத்தில் பின்னால் நிற்கிறவர்கள், இப்படித் திணறும் இடத்தில் மட்டும் அதைப் பார்த்துக்கொள்வேன். வேட்டி மடிப்பும் சேலைக் கொசுவமும் நாம்தான் பார்த்துப் பார்த்துப் பழக வேண்டும். செல்சிஸ் நிறுவனத்தின் அசெட்ஸ் என்ற இணையப் பக்கத்தில் உலகத்திலுள்ள ஓவியர்கள் செய்து போட்ட பிரஷ்களும் மாடல்களும் குவிந்து கிடக்கின்றன, ஜப்பான் பள்ளி வகுப்பறை வேண்டுமா, ரயில் பெட்டி வேண்டுமா, எல்லாம் உண்டு. நான் தேடியவரை நம் பக்கத்துச் சங்கதி மிகக் கொஞ்சம். தென்னை ஓலைக்கும் நாட்டு ஓட்டுக்கும் நானே பிரஷ் செய்துகொண்டேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை அதற்குப் போனது, அந்த ஒரு நாளை இன்றுவரை தின்றுகொண்டிருக்கிறேன்.

ஈ.எக்ஸுக்கும் ப்ரோவுக்கும் இருக்கும் பெரிய வித்தியாசம் பக்க நிர்வாகம். ப்ரோவில் ஒவ்வொரு பக்கமும் தனித்தனி ஃபைல். ஈ.எக்ஸில் முழுப் புத்தகமும் ஒரே இடத்தில், சின்னச் சின்னப் படமாக வரிசையில் நிற்கும். போன வருடம் ஒரு புத்தகத்தில் 19ஆம் பக்கம் ஓடிக்கொண்டிருந்தபோது கதாசிரியர், நாயகனின் தழும்பு இடது கன்னத்தில் வேண்டாம், வலது கன்னத்தில் இருக்கட்டும் என்றார். நியாயமான காரணம்தான், கடைசிக் கட்டத்தில் அவன் திரும்பி நிற்கும்போது தழும்பு தெரிய வேண்டும். பக்க வரிசையை ஒரு நோட்டம் விட்டு, அவன் முகம் வருகிற 11 பக்கத்தையும் பிடித்து அன்று மாலைக்குள் மாற்றினேன். இரட்டைப் பக்கப் படம், பக்கங்களை முன்பின் நகர்த்துவது, கடைசியில் வெட்டுக்குறியோடு எல்லாப் பக்கத்தையும் ஒரே தடவையில் எக்ஸ்போர்ட் செய்வது, எல்லாம் இதில்தான். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் காலை 9 மணி என்றால் நமக்கு மாலை ஆறரை, குளிர்காலத்தில் ஏழரை. அந்த நேரத்தில் கூப்பிட்டு, அவர்கள் கேட்பதைக் கேட்டுவிட்டு, இரவு சாப்பாட்டுக்கு முன் மொத்தப் புத்தகத்தையும் சின்ன அளவில் அனுப்ப முடிகிறது என்பது என் போன்றவனுக்குப் பெரிய விஷயம்.

வண்ணம் பூசுவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோட்டு லேயரின் மேல் கலங்கரை விளக்கம் போல ஒரு குறி இருக்கும், அதை அழுத்தினால் அந்த லேயரைப் பார்த்துத்தான் வண்ணம் நிரம்பும். இடைவெளியை மூடும் தேர்வும் இருப்பதால் சட்டைக் கோட்டில் சின்னத் திறப்பு இருந்தாலும் நிறம் வெளியே கொட்டாது. கறுப்பு வெள்ளைப் பக்கங்களுக்கு டோன், அதாவது சாம்பல் நிழலாகத் தெரியும் புள்ளி வரிசைகள், போடுவதும் சுலபம். அங்குலத்துக்கு எத்தனை புள்ளி வரிசை என்பது எப்போது வேண்டுமானாலும் மாற்றக்கூடியதாக இருப்பதால், பத்திரிகைத் தாள் மட்டமாக இருந்தால் 60இலிருந்து 45க்கு இறக்கிவிடுவேன். இல்லையென்றால் புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து கரும்பட்டையாக அச்சாகும்.

இப்போது அச்சைப் பற்றி. இதைக் கவனமாகப் படியுங்கள், எனக்குக் காசு போய்த் தெரிந்த விஷயம். இந்த மென்பொருள் உள்ளுக்குள் ஆர்.ஜி.பி.யில்தான், அதாவது திரையின் சிவப்பு, பச்சை, நீல ஒளிக் கலவையில்தான், வேலை செய்கிறது. அச்சு நிறத்தில் எப்படி வரும் என்று முன்னோட்டம் காட்டும், சி.எம்.ஒய்.கே.வில் (அச்சின் நாலு மை: சயான் நீலம், மெஜந்தா சிவப்பு, மஞ்சள், கறுப்பு) எக்ஸ்போர்ட்டும் செய்யும், ஆனால் அப்படி மாற்றும்போது திரையில் இருக்கும் கறுப்பு நாலு மையின் கலவையாகப் பிரியும். ஒவ்வொரு மைக்கும் உரிய அச்சுத் தட்டுகள் ஒரு மயிரிழை விலகினால்கூட ஒவ்வொரு கறுப்புக் கோட்டின் ஓரத்திலும் சிவப்பும் நீலமும் எட்டிப்பார்க்கும். என் முதல் வண்ணப் புத்தகம் சிவகாசியிலிருந்து அச்சாகி வந்தபோது முகங்களில் இமைக்கோடெல்லாம் இரட்டையாகத் தெரிந்தது. அச்சகத்தில் இருந்த பெரியவர் லென்ஸை என் கையில் கொடுத்து, “தம்பி, நாலு கலர்லயும் கோடு இருக்கு பாருங்க. கோட்டை மட்டும் தனியா கொடுங்க, கறுப்புத் தட்டுல வச்சிடுறேன்” என்றார். தப்பு என்னுடையது. அன்றிலிருந்து கோட்டை 600 டி.பி.ஐ.யில் (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற கணக்கு) சுத்தக் கறுப்பு வெள்ளை டிஃப் ஃபைலாகத் தனியாகவும், வண்ணத்தைக் கோடு இல்லாமல் 350 டி.பி.ஐ.யில் தனியாகவும் எடுத்துக் கொடுக்கிறேன். லேயர்களை முதலிலிருந்தே பிரித்து வைத்திருந்தால் இது ஐந்து நிமிட வேலை. திரையில் மட்டும் வெளியாகும் வேலைக்கு இந்தக் கவலையே வேண்டாம்.

தமிழில் வரைகிறவர்களுக்கு இன்னொரு விஷயம். வசன எழுத்தை நான் இதில் போடுவதில்லை. பத்திரிகை ஆசிரியர் கடைசி நாள் வரை வசனத்தைத் திருத்துவார், எழுத்துருவும் அவர்களுடையது, ஆகவே வசனப் பலூன்களைத் தனி லேயரில் வைத்து, லேயர்கள் பிரிந்தே இருக்கும் பி.எஸ்.டி. என்ற ஃபோட்டோஷாப் ஃபைலாகக் கொடுத்தால் அவர்களுடைய டி.டி.பி. ஆள் எழுத்தை வைத்துக்கொள்வார். ஆனால் பலூனின் அளவு நம் பொறுப்பு. ஆங்கிலத்தில் நாலு சின்னச் சொல்லாக இரண்டு வரியில் மடிந்து உட்காருவது, தமிழில் ‘காத்துக்கொண்டிருந்திருக்கிறார்’ என்று ஒரே சொல்லாக நீளும். அதை உடைத்துப் போட்டால் படிக்க நன்றாக இருக்காது. அதனால் தமிழ்ப் பக்கத்துக்கு ஆங்கிலப் பக்கத்தைவிட அகலமான பலூன் வேண்டும், முகங்களைக் கட்டத்தில் கொஞ்சம் கீழே இறக்கி வைக்க வேண்டும், இதை ரஃப் போடும்போதே முடிவு செய்துவிடுவது நல்லது. நான் வசனத்தைக் கையால் கிறுக்கி, அதைச் சுற்றிப் பலூன் போட்டுவிட்டுத்தான் ஆட்களையே வரைய ஆரம்பிப்பேன். (பழைய ஃபோட்டோஷாப்பில் எழுத்து வைக்கிறவர்களுக்குக் கொம்பு, எழுத்துக்குப் பின்னால் போய் விழுந்தால், பிரிஃபரன்சஸில் டைப் பகுதியில் தெற்காசிய மொழிகளுக்கான தேர்வு இருக்கிறது. அதைப் போட்டுவிட்டுப் புது ஃபைல் திறந்து எழுதுங்கள்.)

விலைக்கு வருகிறேன். விண்டோஸ், மேக் கம்ப்யூட்டருக்கு ஒரே தடவை பணம் கட்டி வாங்கலாம். ஐபேட், ஆண்ட்ராய்டு என்றால் மாத அல்லது வருடச் சந்தா மட்டும்தான். ஒரே தடவை வாங்கினால் அந்தப் பதிப்பு நமக்கு என்றைக்கும் இருக்கும், அடுத்த பெரிய பதிப்பின் வசதிகள் வேண்டுமென்றால் மறுபடி பணம். 2023 மார்ச்சில் இரண்டாம் பதிப்பு வந்ததிலிருந்து இந்த ஏற்பாடுதான். ஃப்ரீலான்ஸ் ஆட்களுக்கு நான் கம்ப்யூட்டரில் ஒரே தடவை வாங்குவதையே சொல்வேன். நமக்குப் பணம் வருகிற நாள் நம் கையில் இல்லை. பக்கங்களைக் கொடுத்து 45 நாள் கழித்துப் பணம் வந்த மாதங்கள் எனக்கு உண்டு, அந்த மாதத்தில் கையிலிருக்கும் ஆயுதத்துக்கு வாடகை கட்ட வேண்டும் என்ற கவலை வேண்டாம். வருடத்தில் சில தடவை தள்ளுபடி விடுகிறார்கள், காத்திருந்து வாங்குங்கள். அதற்கு முன் இலவசமாக முயன்று பார்க்கவும் வழியிருக்கிறது.

2022 கடைசியில் இதற்குள்ளேயே படத்தை உருவாக்கித் தரும் ஏஐ வசதி ஒன்றைச் சேர்க்கப்போவதாக அறிவித்தார்கள். ஓவியர்கள் கடுமையாக எதிர்க்க, சில நாளிலேயே, டிசம்பர் தொடக்கத்தில், அதைக் கைவிடுவதாகச் சொன்னார்கள். அந்த நாட்களில் நான் உண்மையிலேயே கலங்கிப் போயிருந்தேன். வரைகிறவன் காசில் வளர்ந்த ஒரு கருவி வரைகிறவன் பேச்சுக்குச் செவிகொடுத்தது எனக்குப் பெரிய ஆறுதல், அந்த நன்றி இன்றும் இருக்கிறது.

கற்றுக்கொள்வது கடினமா என்றால், ஆமாம். திறந்ததும் நாலாபுறமும் பெட்டி பெட்டியாக இருக்கும், தமிழ் கிடையாது, ஆங்கிலத்தில்தான் சமாளிக்க வேண்டும். ஒவ்வொரு கருவிக்கும் ஸ்பேனர் குறியை அழுத்தினால் இன்னொரு நூறு அமைப்பு திறக்கும். முதல் இரண்டு வாரம் வாடிக்கையாளர் வேலையை இதில் எடுக்காதீர்கள். மைக்கோடு போடும் ஜி-பென், வெக்டர் அழிப்பான், கட்டம் பிரிப்பது, நிரப்புவது, இந்த நாலை மட்டும் பழகினால் ஒரு பக்கம் முடித்துவிடலாம், மற்றது தேவை வரும்போது தானாக வரும். கோட்டு நடுக்கத்தைக் குறைக்கும் அமைப்பை ரொம்ப ஏற்றி வைக்க வேண்டாம், கோடு பேனாவுக்குப் பின்னால் இழுபட்டு வரும், உயிரும் போய்விடும். நான் 10க்கு மேல் வைப்பதில்லை. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்குக் கரன்ட் போகிற நாளில் தானியங்கிப் பேக்கப் என்னைக் காப்பாற்றியிருக்கிறது, இருந்தாலும் யு.பி.எஸ். இல்லாமல் இந்தத் தொழிலுக்கு வராதீர்கள்.

மிச்சமாகும் நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். முதல் வருடம் சீக்கிரம் முடிகிறது என்ற உற்சாகத்தில் இன்னொரு புத்தகத்தையும் சேர்த்து ஒப்புக்கொண்டேன். நாலு மாதத்தில் வலது கட்டைவிரலின் அடிப்பக்கம் வலி, டம்ளரைத் தூக்க முடியவில்லை. பிசியோதெரபிஸ்ட் அம்மா மூன்று வாரம் பேனாவைத் தொடக்கூடாது என்றுவிட்டார், இரண்டு புத்தகமும் தள்ளிப்போனது. சீக்கிரம் முடித்துக் காட்டினால் திருத்தமும் கூடும், நேரம் இருக்கிறதே என்று கேட்பார்கள், அது அவர்கள் தப்பில்லை. இப்போது ஒப்பந்தத்திலேயே ரஃபில் இரண்டு தடவை, இங்க்கில் ஒரு தடவை திருத்தம், அதற்கு மேல் தனிக் கட்டணம் என்று எழுதிவிடுகிறேன். மிச்சமாகும் இரண்டு மணி நேரத்தில் ஒன்று தூக்கத்துக்கு. இன்னொன்றில் மாலை தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கிறேன், கையில் சின்ன நோட்டு ஒன்றோடு. சுண்டல் விற்கிற அண்ணன் காகிதத்தைக் கூம்பாக மடிக்கும் விதத்தை மூன்று நாள் பார்த்துத்தான் வரையத் தெரிந்தது.

வாங்கியவர்கள் முதல் நாளே ஒன்று செய்யுங்கள். ஒரு வெக்டர் லேயர் திறந்து, உங்கள் வீட்டு வாசலில் நின்றால் தெரிகிற கம்பிகளையும் அவற்றை மறைக்கிற எதையாவதையும் வரையுங்கள். மரமோ, தண்ணீர்த் தொட்டியோ, எதிர்வீட்டு மாடியில் காயும் துணியோ, எதுவானாலும் சரி. எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக இழுத்துவிட்டு, அப்புறம் அந்த அழிப்பானை எடுங்கள்.